பவளப்பார் ஏன் வெளுக்கிறது? மன்னார் வளைகுடா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன் பக்கம் கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதும், கரையோர ஊர்க் கூட்டங்களில் பேசுவதும் சில வருடங்களாக என் வேலையின் ஒரு பகுதி. எங்கே போனாலும் கேள்விகள் ஒன்றேதான். அவற்றை கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே போட்டிருக்கிறேன். பருவநிலை மாற்றம் என்று பொதுவாகப் பேசினால் துருவக் கரடியில்தான் போய் முடியும். அதனால் இது முழுக்க ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் இருக்கிற கடலையும் அதை நம்பிப் பிழைக்கிறவர்களையும் பற்றியது.

பவளம்னா கல்லா, செடியா, இல்ல உயிரா சார்?

உயிர்தான். குண்டூசித் தலை அளவிலிருந்து விரல்நுனி அளவு வரை இருக்கும் சின்னச் சின்ன பிராணிகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்கின்றன. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பில் ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. பழையது சாகும், அதன் மேல் புதியது கட்டும். இப்படிப் பல நூறு வருடம் கட்டிய மேடுதான் பவளப்பாறை. நம் மீனவர்கள் சுருக்கமாக ‘பார்’ என்பார்கள்.

செடி என்று நினைத்ததும் முழுத் தப்பில்லை. அந்தப் பிராணியின் சதைக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. அது வெயிலை வைத்துச் சமைக்கிறது, பவளம் சாப்பிடுகிறது. பவளத்துக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கு இந்தக் குடித்தனக்காரர் கொடுப்பதுதான். பவளத்தின் பழுப்பும் பச்சையும்கூட பெரும்பாலும் அந்தப் பாசியின் நிறமே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த நாலைந்து பதிலும் இதன் மேல்தான் நிற்கிறது.

நம்ம ஊர்லயும் பவளம் இருக்கா? ஆஸ்திரேலியாவுல தானே இருக்குன்னு படிச்சோம்.

இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பார்கள். 1986ல் 560 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989ல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பவள வகைகள் பதிவாகியுள்ளன. மண்டபத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அரைமணி நேரப் படகில் பார். பாடப்புத்தகம் ஏனோ ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடுகிறது.

வெளுத்துப் போச்சுன்னா செத்துப் போச்சுன்னு அர்த்தமா?

இல்லை. பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது உள்ளே குடியிருக்கும் நுண்பாசி, சமையல் கெட்டு, நச்சு போன்ற பொருள்களை வெளியிட ஆரம்பிக்கிறது. பவளம் அதை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய்விடும், கண்ணாடி போன்ற சதைக்குள் வெள்ளைச் சுண்ணாம்பு தெரியும். அதைத்தான் வெளுப்பு என்கிறோம்.

சில வாரத்தில் தண்ணீர் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும், பவளம் தேறும். குளிரவில்லை என்றால் பட்டினியில் சாகும். செத்ததை அடையாளம் காண்பது சுலபம். வெள்ளை நிறம் சில நாளில் போய், மேலே அழுக்குப் பச்சையில் மயிர் மாதிரி ஒரு பாசி படர்ந்துவிடும். விரலால் தடவினால் வழுக்கும். வெள்ளையைப் பார்த்து அலறுகிறோம். உண்மையில் பயப்பட வேண்டியது அந்த அழுக்குப் பச்சையைப் பார்த்துத்தான்.

ஒரு டிகிரி கூடினதுக்கா இவ்வளவு? நம்ம ஊர்ல வெயில் சாதாரணமா 38, 39 அடிக்குதே.

காற்று வேறு, கடல் வேறு. காற்று காலையில் 27, மதியம் 38 என்று ஏறி இறங்கும். கடல் தண்ணீர் அவ்வளவு லேசில் அசையாது. அதில் வாழ்கிற உயிர்களும் அந்த அசையாத சூட்டுக்குப் பழகியவை. பவளம் இன்னும் மோசம், சாதாரணக் கோடையிலேயே விளிம்பில்தான் வாழ்கிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது நாலு வாரம் நின்றால் வெளுப்பு தொடங்கிவிடும் என்பது உலகமெங்கும் ஆய்வாளர்கள் வைத்திருக்கும் கணக்கு.

மன்னார் வளைகுடாவில் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஆபத்தான காலம். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிட்டால், எல்லார் கண்ணும் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எப்போது பிடிக்கும் என்பதில்தான். கச்சான் அடித்துக் கடல் கலங்கினால் சூடு இறங்கும். மீனவருக்குத் தொழிலைக் கெடுக்கிற காற்று, பவளத்துக்கு விசிறி.

இதுவரைக்கும் இங்க எத்தனை தடவ நடந்திருக்கு?

லேசான வெளுப்பு பெரும்பாலான கோடைகளில் வந்து போகும். பெரிதாக அடிபட்டது 1998, 2010, 2016. மூன்றுமே உலகம் முழுக்கப் பவளம் வெளுத்த வருடங்கள். தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே தொடர்ந்து தண்ணீருக்குள் இறங்கிக் கணக்கெடுத்து வருகிறது. அவர்கள் கணக்குப்படி 2009ல் உயிருள்ள பவளம் பார்ப் பரப்பில் சுமார் 43 சதவீதம். 2010 வெளுப்புக்குப் பிறகு 33. அப்புறம் ஐந்தாறு வருடத்தில் மெல்ல ஏறி 39க்கு வந்தது. 2016 கோடை அதை 23க்குக் கொண்டுபோய்விட்டது.

இந்த எண்களில் சாவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் ஏறியதுதான். ஐந்தாறு வருடம் சும்மா விட்டால் பார் தேறுகிறது. இரண்டு கோடைக்கு நடுவே அந்த இடைவெளி இனி கிடைக்குமா என்பதுதான் கேள்வி. நாலாவது உலகளாவிய வெளுப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள்.

எல்லாப் பவளமும் ஒண்ணு போலத்தான் சாகுதா?

இல்லை. மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்டு வேகமாக வளர்கிறவை முதலில் போகும். குண்டாக, பாறாங்கல் மாதிரி மெதுவாக வளர்கிறவை வெளுத்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அப்படியானால் குண்டுக்கல் மிஞ்சுமே, போதாதா என்று ஒரு மாணவி கேட்டாள். சின்ன மீன் ஒளிவது கிளைகளுக்கு நடுவில்தான். கிளை போய்க் கல் மட்டும் நின்றால், வாசலும் அறையும் இல்லாத வீடு மாதிரி.

சரி, பார் செத்தா வலை போடுறவனுக்கு என்னண்ணே? மீன் கடல்ல தானே இருக்கு?

மீன் கடலில் இருக்கிறது, குஞ்சு பாரில் இருக்கிறது. உலகக் கடல் தரையில் ஒரு சதவீதம்கூட வராத பவளப்பார்களை நம்பித்தான் கடல் உயிர் வகைகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வாழ்கிறது. களவா, விளமீன், ஓரா, கிளிமீன், சிங்கி இறால் எல்லாம் பாரை அண்டியவை. பெரிய விசைப்படகுக்கு இந்தப் பாதிப்பு தாமதமாகத்தான் தெரியும், டீசல் போட்டு இன்னும் தூரம் போய்விடுவார்கள். வல்லத்திலும் சின்ன நாட்டுப்படகிலும் கரையோரம் தொழில் செய்கிறவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்குத் தூரம் என்றால் எரிபொருள் கடன்.

இன்னொன்று, அலை. ஆழமில்லாத பார் வருகிற அலையின் வேகத்தைப் பெருமளவு தானே வாங்கிக்கொள்கிறது. செத்த பவளம் உடைந்து சல்லியாகிக் கீழே போனால் அந்த அலை நேராகத் தீவுக்கும் கரைக்கும் வரும். கடல் அரிப்புக்குக் கல் கொட்டுகிற செலவை வருடம் முழுக்க இலவசமாகச் செய்துகொண்டிருக்கும் சுவர் இது.

பாசி முந்தி மாதிரிக் கிடைக்கலையே தம்பி, அதுவும் இந்தச் சூட்டாலதானா?

இந்தக் கரையில் ஆயிரக்கணக்கான பெண்கள் கல்லில் வளரும் கடல்பாசியை எடுத்துப் பிழைக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் சாக்குப்பையைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து இறங்குவார்கள். கல்லில் ஒட்டியிருப்பதைப் பிய்த்து மேலே வருவார்கள், மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இறங்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசி ‘அகர்’ என்ற உறைபொருள் எடுக்கப் போகும், நல்ல விலை. கட்டக்கோரை என்ற இன்னொரு பாசி வேறு ஆலைகளுக்குப் போகும், விலை குறைவு.

பாசி குறைவதற்குச் சூடு மட்டும் காரணம் இல்லை. அதிகம் எடுத்ததும் உண்டு. அதைப் பெண்களே முதலில் உணர்ந்தார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்திவைப்பது என்று தாங்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இந்த முயற்சியை முன்னின்று நடத்திய பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி அவர்களுக்கு 2015ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. ஆனால் சூடு வேறு வழியில் இவர்களைத் தொடுகிறது. வேலை முழுக்க நீரோட்டம், காற்று, தெளிந்த தண்ணீர் மூன்றையும் நம்பியது. காற்று தவறினால் 12 நாளில் அஞ்சாறு நாள் போய்விடும். போன நாளுக்குக் கூலி கொடுக்க ஆள் கிடையாது. மீன்பிடித் தடைக்கால உதவி மீனவ ஆண்களின் கணக்கில் போய்ச் சேருகிறது, பாசிப் பெண்களையும் மீனவராக எண்ணும் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை.

பவளம் செத்தா அதுமேல பாசி வளரும்னு நீங்களே சொன்னீங்க. அப்ப பாசி எடுக்கிறவங்களுக்கு லாபம்தானே?

நல்ல மடக்கு. மேலே சொன்ன அழுக்குப் பச்சை, மயிர் மாதிரிப் படர்கிற பாசி. அதை எந்த வியாபாரியும் எடைபோட மாட்டார். விலை போகிற பாசிக்கு அசையாத கல் வேண்டும். செத்த பவளம் சல்லியாக நொறுங்கி அலைக்கு உருண்டுகொண்டே இருந்தால் அதில் எதுவும் வேர் பிடித்து நிற்காது.

அப்ப பாசியை வளர்த்துக்கலாமே? கம்பெனிப் பாசி வளர்க்கிறாங்களே.

வளர்க்கிறார்கள். வெளிநாட்டு வகை, மக்கள் வாயில் ‘கம்பெனிப் பாசி’. மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, பாக் நீரிணைப் பக்கம். நிறையக் குடும்பங்களுக்கு வருமானம் வந்தது உண்மை. அது 2013ல் கடல் சூடேறியபோது கொத்துக்கொத்தாக அழுகிச் செத்ததும் உண்மை. விளைச்சல் அதற்குப் பிறகு பல வருடம் பழைய உயரத்தை எட்டவில்லை. குருசடைத் தீவுப் பக்கம் இதே பாசி உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடியதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சூட்டுக்குத் தப்பிக்க ஒரு தொழிலைக் காட்டினோம், அதுவும் அதே சூட்டில் நின்றது. மாற்றுத் தொழில் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை கேட்டுவிட்டுப் பேசலாம்.

தீவே முழுகிப் போச்சாமே? கடல்மட்டம் ஏறித்தானே?

21 தீவுகளில் இரண்டு, தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லியும் கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும், தண்ணீருக்குள் போய்விட்டன. ஆனால் ‘கடல்மட்டம் ஏறி முழுகியது’ என்று ஒரே வரியில் முடிப்பது சரியில்லை. முதல் காரணம் நம் கை. பல பத்தாண்டுகள் பவளக்கல்லை வெட்டிப் படகில் ஏற்றிச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் வீடு கட்டவும் கொண்டுபோனோம். சுற்றியிருந்த பார் போனதும் மணல்தீவு அலைக்கு நேராக நின்றது. கடல்மட்ட உயர்வு அந்த அரிப்பை இன்னும் தூண்டுகிறது. 2001ல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தது, 2005 வாக்கில் வெட்டுவது நின்றது.

தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவு 1986ல் சுமார் 16 ஹெக்டேர். 2014ல் 2 ஹெக்டேர்தான் மிச்சம். 2015லிருந்து அதன் முன்னே கான்கிரீட் செயற்கைப் பார்களை வரிசையாக இறக்கினார்கள். அரிப்பு குறைந்து மணல் மறுபடி சேர ஆரம்பித்தது. இப்போது காரியாச்சல்லித் தீவுக்கும் இதே மருந்து.

கான்கிரீட் இறக்கினா சரியாப் போகும்னா, எல்லா இடத்திலயும் இறக்கிட்டுப் போகலாமே?

அலையைத் தடுக்கும், மீன் சேரும், பவளத் துண்டைக் கட்டிவைத்தால் ஒட்டி வளரும். சூட்டைக் குறைக்காது. நட்ட பவளமும் அடுத்த கோடையில் வெளுக்கும்தான். அரிக்கிற தீவைக் காப்பாற்ற இது நல்ல வேலை, அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

2019ல கடல் பச்சையாப் போய் மீன் செத்து ஒதுங்குச்சே, அதுவும் பருவநிலை மாற்றம்தானா?

செப்டம்பர் மாதம், பாம்பன் பக்கம். இரவில் நீலமாக மினுங்கும் ஒரு நுண்ணுயிர் திடீரென்று பெருகித் தண்ணீரைப் பச்சையாக்கியது. அது செத்து அழுகும்போது தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் தீர்ந்தது. மீன் மூச்சு முட்டிச் செத்தது, ஆழமில்லாத இடங்களில் பவளமும் செத்தது. சூடான நீரும் கழிவோடு வரும் சத்துப் பொருள்களும் இப்படிப்பட்ட பெருக்கத்துக்கு வசதி. ஆனால் அந்த ஒரு சம்பவத்தை முழுக்கச் சூட்டின் தலையில் கட்ட மாட்டேன். பாதிக் கேள்விக்கு ‘ஆமாம், பருவநிலை மாற்றம்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் பழக்கம் அதிகாரிகளிடம் வந்துவிட்டது. சாக்கடையைக் கடலில் விட்டவர் அதில் ஒளிந்துகொள்கிறார்.

மத்தி நம்ம பக்கம் நிறைய வருதே. சூடானா சிலருக்கு நல்லதுதானே?

மத்தி ஒரு காலத்தில் மலபார்க் கரை மீன். 1990களிலிருந்து தமிழ்நாட்டுக் கரையிலும் கணிசமாகப் படத் தொடங்கியது. கடல் சூடானதும் மீன் கூட்டங்கள் இடம் மாறுகின்றன என்பதற்கு இதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். நமக்கு வரவு என்பதை மறுக்கவில்லை.

ஆனால் மத்தியை நம்பியவர் கதையைக் கேரளாவில் பாருங்கள். 2012ல் அங்கே ஏறக்குறைய நாலு லட்சம் டன். 2021ல் கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு 3,297 டன். ஒன்பது வருடத்தில் நூறு கூடையில் ஒரு கூடைகூட மிஞ்சவில்லை. வந்த மீன் போகவும் செய்யும், அந்த மீனுக்கென்று வாங்கிய வலையின் கடன் போகாது. பார் மீனுக்கு அந்த ஓட்டமும் இல்லை, பாரைத் தூக்கிக்கொண்டு அது எங்கே போகும்?

ஆமை, ஆவுளியாவுக்கெல்லாம் என்ன ஆகும்?

ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. சுமார் 29 டிகிரியில் சரிபாதி, அதற்கு மேலே போகப் போகப் பெண். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பவளத்தொடரில் இளம் பச்சை ஆமைகளில் 99 சதவீதத்துக்கும் மேல் பெண் என்று 2018ல் வந்த ஆய்வு சொன்னது. பொரிப்பகங்களில் முட்டைக் குழிகளுக்கு மேல் நிழல்வலை கட்டுவது சும்மா இல்லை.

ஆவுளியா என்கிற கடல்பசுவுக்குச் சாப்பாடு கடல்புல். மீனவர் சொல்லும் தாழைதான் அது. தண்ணீர் கலங்கி வெயில் அடிக்குப் போகாவிட்டால் புல் வளராது. பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022ல் அறிவித்தது, இந்தியாவில் அதுதான் முதல்.

காத்துக் கணக்கே தப்புதுன்னு பெரியவங்க சொல்றாங்க. வயசானவங்க பேச்சா, நெசமா?

பாம்பனில் வடக்கே இருப்பது பெண் கடல், தெற்கே இருப்பது ஆண் கடல் என்பார்கள். பாக் நீரிணை அடங்கிக் கிடக்கும், மன்னார் வளைகுடா முரண்டு பிடிக்கும். வாடை அடித்தால் தெற்கே போவது, கச்சான் அடித்தால் வடக்கே போவது என்று வருடத்தைக் காற்றாலேயே பிரித்து வைத்திருந்தார்கள். அந்தக் காலண்டர் இப்போது பொருந்தவில்லை என்பதுதான் பெரியவர்கள் சொல்வது. ஒரு தனிமனிதர் நினைவை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆனால் இந்தியப் பெருங்கடல் சூடாகி வருவது அளந்து பார்த்த உண்மை, சூடான கடலின் மேல் புயல் வேகமாக வலுப்பெறும் என்பதும் உண்மை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி இலங்கைக்குத் தெற்கே உருவாகி ஓரிரு நாளில் கன்னியாகுமரிக்கருகே புயலானபோது, ஆழ்கடலுக்கு ஏற்கெனவே போய்விட்டவர்களுக்குச் சேதி போய்ச் சேரவில்லை.

இதெல்லாம் எல் நினோ சார். அது எப்பவும் வர்றதுதானே?

1998, 2010, 2016 மூன்றும் எல் நினோவை ஒட்டி வந்தவைதான், மறுக்கவில்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை பசிபிக் கடல் சூடேறுவதுதான் எல் நினோ, ஆயிரக்கணக்கான வருடமாக வந்து போகிறது. பார்களும் அதைத் தாண்டித்தான் வந்திருக்கின்றன. வித்தியாசம் என்னவென்றால், படிக்கட்டு உயர்ந்துவிட்டது. நாம் புகைத்த வாயுக்கள் பிடித்துவைத்த கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போயிருக்கிறது. அந்த உயர்ந்த படியில் நின்றுகொண்டு எல் நினோ அதே உயரம் குதித்தாலும் தலை கூரையில் இடிக்கிறது.

கரியமில வாயுவை கடல் உறிஞ்சிக்கிறது நல்லதுதானே?

நமக்கு நல்லது, கடலுக்கு இல்லை. நாம் விடுவதில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கைக் கடல் எடுத்துக்கொள்கிறது. தண்ணீரில் கரைந்தால் அது அமிலம். கடலின் பிஹெச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடும்) தொழிற்புரட்சிக்கு முன் 8.2 வாக்கில் இருந்தது, இப்போது 8.1 வாக்கில். எண் சின்னது, ஆனால் அமிலத்தன்மை கால்பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. சுண்ணாம்பில் வீடு கட்டுகிற எல்லாவற்றுக்கும், பவளம், சங்கு, சிப்பி எல்லாவற்றுக்கும், கட்டுமானச் செலவு ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீனவங்கதான் பாரை அழிச்சாங்க. இப்ப உலகச் சூட்டைச் சொல்லித் தப்பிக்கிறாங்களா?

கல் வெட்டியதில் மீனவக் குடும்பங்களும் கூலிக்குப் போனார்கள். வாங்கிச் சுண்ணாம்பு எரித்தவரும், அதில் வீடு கட்டிக் குடியிருப்பவரும் நகரத்தில் இருந்தார்கள். இழுவை வலை பாரைக் கீறுவது இன்றைக்கும் நடக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2016 சூட்டை மண்டபத்து வல்லக்காரர் உண்டாக்கவில்லை.

சூடு வெளியிலிருந்து வருகிறது, வெளுத்த பார் தேறுமா சாகுமா என்பதில் பாதி இங்கே இருக்கிறது. கழிவு விழாத, இழுவை வலை கீறாத, பாசி மேயும் மீன் மிச்சமிருக்கும் பார், வெளுத்தபின் வேகமாகத் திரும்பி வரும். 2010க்குப் பிறகு அது ஏறி வந்ததை ஐந்தாவது பதிலில் பார்த்தோம். அதே சமயம், உலகம் 1.5 டிகிரி சூடானால் பவளப்பார்களில் 70 முதல் 90 சதவீதமும், 2 டிகிரியானால் ஏறக்குறைய எல்லாமும் போகும் என்று ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2018ல் சொன்னது. உள்ளூர் வேலை அந்தக் கணக்கைத் தள்ளிப்போடும், மாற்றாது.

இப்ப போனா பவளம் பாக்க முடியுமா?

முடியும். குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது, காற்று பலமாக இருந்தால் விடமாட்டார்கள். பாரின் மேல் கால் வைக்காதீர்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டு அழகாகத்தான் இருக்கும், செத்துத்தானே கிடக்கிறது என்று பையில் போடவும் தோன்றும். மேலே சொன்ன முதல் பட்டியல் செத்த பவளத்துக்கும் பொருந்தும், எடுத்தால் வழக்கு. பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது திரும்பும் படகில் ஏறுவதற்கு முன்னால் பைகளைத் திறந்து பார்ப்பேன். இதுவரை ஒருமுறைகூட வெறுங்கையோடு முடிந்ததில்லை.